கோழியை வதைக்காமல் கழிப்பது எப்படி: வேலூர் பக்கம் புதிதாகப் பண்ணை வைப்பவர்களுக்கு

கோழி வளர்க்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் முதல் பேட்ச் முடிவதற்குள் சந்தித்தே தீரவேண்டிய வேலை ஒன்று உண்டு. குஞ்சு விற்பவர் அதைச் சொல்வதில்லை, தீவனக் கடைக்காரரும் சொல்வதில்லை. இனிப் பிழைக்காது என்று தெரிந்துவிட்ட பறவையை நீங்களே கொல்ல வேண்டியிருக்கும். கழிப்பது என்று சொல்வது இதைத்தான். கால் இரண்டும் விரிந்து எழ முடியாத குஞ்சு, கழுத்து முறுக்கிக்கொண்டு தண்ணீர்க் கிண்ணத்தை எட்ட முடியாத விடைக்கோழி, மற்றவை கொத்திக் குடல் வெளியே வந்த முட்டைக்கோழி என்று ஏதாவது ஒன்று எல்லாப் பண்ணையிலும் வரும். குடியாத்தம் பக்கம் கொல்லையில் கொஞ்சம் நாட்டுக்கோழி விடுபவருக்கும், அணைக்கட்டு பக்கம் கம்பெனிக் குஞ்சு இறக்கி ஷெட் நிறையக் கறிக்கோழி வளர்ப்பவருக்கும் இதில் வித்தியாசமில்லை.

பல பண்ணைகளில் இந்தப் பறவையைத் தூக்கி ஷெட் மூலையிலோ வேலியோரத்திலோ போட்டுவிடுகிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் தாகத்தோடு கிடந்து, எறும்பு மொய்த்துச் சாகிறது. போட்டவர் கொடுமைக்காரர் கிடையாது. கொல்ல மனம் வரவில்லை, எப்படிக் கொல்வதென்று யாரும் காட்டித்தரவும் இல்லை. ஆனால் கோழியின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிடப் பெரிய வதை வேறில்லை. கழுத்தை இழுக்கும் அந்த நொடியைவிட, முடிவெடுக்காமல் தள்ளிப்போட்ட நாட்களில்தான் பண்ணைக் கோழி அதிகம் துன்பப்படுகிறது. அதனால் சீக்கிரம் முடிவெடுங்கள், பழகிய கையால் செய்யுங்கள், செத்துவிட்டது என்று உறுதியான பிறகே கீழே வையுங்கள். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

எதைக் கழிப்பது, எதைக் காப்பாற்றுவது

காலையும் மாலையும் ஷெட்டுக்குள் மெதுவாக நடந்து வாருங்கள். சுவரோரம், தீவனத் தட்டுக்கு அடியில், மூலைகளில் பார்வை போகட்டும். நீங்கள் பக்கத்தில் போனதும் எழுந்து நகராத கோழிதான் உங்கள் கவனத்துக்கு உரியது. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். மார்பெலும்பு கத்தி முனையாகத் துருத்துகிறதா, இரைப்பை காலியாக இருக்கிறதா, மூச்சு விட வாயைத் திறக்கிறதா, கால் எலும்பு அசாதாரணமாக வளைந்திருக்கிறதா, ஆசனவாயைச் சுற்றிப் புழு வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

படுத்திருப்பதெல்லாம் சாகப்போவது இல்லை. இதைப் புதியவர்கள் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலூர் வெயிலில், அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரி தாண்டும்போது, கோழி இறக்கையை விரித்து வாயைத் திறந்து இளைக்கும். பார்க்கப் பயமாக இருக்கும். நிழல், காற்று, குளிர்ந்த தண்ணீர், எலக்ட்ரோலைட் கொடுத்தால் பொழுது சாய்ந்ததும் பெரும்பாலானவை எழுந்துவிடும். அம்மைக் கொப்புளம் வந்த கோழியும் பெரும்பாலும் தேறும். கண் மூடிக்கொண்டால் சில நாள் கையால் ஊட்ட வேண்டும், அவ்வளவுதான். ரத்தக் கழிச்சலை முதல் நாளே கவனித்து மருத்துவர் சொல்லும் மருந்தைத் தண்ணீரில் கலந்தால் ஷெட்டையே காப்பாற்றலாம். லேசான கொத்துக் காயத்துக்குத் தனியாகப் பிரித்து வைத்து மருந்து தடவினால் போதும்.

கழிக்க வேண்டியவை வேறு. கால் எலும்போ இறக்கை எலும்போ முறிந்து வெளியே தெரிவது, எழுந்து நடந்து தீவனத்துக்குப் போகவே முடியாதது, குடல் வெளியே வந்தது, வயிற்றில் நீர் கோத்து மூச்சுத் திணறுவது, எலும்பும் தோலுமாக இளைத்தது, அலகு கோணிக்கொண்டு கொத்த முடியாதது, பிறவியிலேயே கால் விரிந்த குஞ்சு. இவற்றை வைத்திருப்பதில் கோழிக்கும் பயனில்லை, உங்களுக்கும் இல்லை.

நடுவில் நிற்பவைதான் சிரமம். வெள்ளைக்கழிச்சல் (கோழிக் கழிச்சல், ராணிக்கெட் என்றும் சொல்லும் வைரஸ் நோய்) தாக்கிப் பிழைத்த கோழிகளில் சிலவற்றுக்குக் கழுத்து திருகியே நின்றுவிடும். அதில் சில, தட்டைத் தாழ்த்தி வைத்தால் தானாகவே தின்று குடித்து நன்றாக இருக்கும். சில சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கும். இப்படிச் சந்தேகமானவற்றுக்கு ஷெட்டின் ஓரத்தில் ஒரு சிறு தடுப்பு போடுங்கள். தரை காய்ந்திருக்கட்டும், தீவனமும் தண்ணீரும் படுத்தபடியே எட்டும் உயரத்தில் இருக்கட்டும். காலில் ஒரு கயிறு கட்டி, வைத்த தேதியை எழுதுங்கள். மறுநாள் பாருங்கள். தானாகத் தின்கிறதா, குடிக்கிறதா, நேற்றைவிடத் தெளிவாக இருக்கிறதா? ஆம் என்றால் இன்னொரு நாள் கொடுக்கலாம். இல்லையென்றால் அன்றே முடித்துவிடுங்கள். தேதி எழுதாமல் விட்டால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது ஒரு வாரம் ஓடிவிடும்.

கம்பெனியோடு ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு தயக்கம் உண்டு. கழித்தால் மார்ட்டாலிட்டி (சாவு) கணக்கில் ஏறும், வளர்ப்புக் கூலி குறையும் என்ற பயம். அந்தக் கோழி இன்று இல்லாவிட்டால் மூன்று நாளில் தானாகவே அந்தக் கணக்கில் ஏறத்தான் போகிறது. அதுவரை தீவனம் தின்னும், நோய் இருந்தால் பக்கத்துக் கோழிகளுக்கும் கொடுக்கும். சூப்பர்வைசரிடம் முதல் வாரத்திலேயே இதைப் பேசி, கழிக்கும் முடிவை யார் எடுப்பது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நோய்க் கோழியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் ஒரு வழி என்று சிலர் சொல்வார்கள். அது வழியே இல்லை. விலங்குகளைக் கொண்டுசெல்வதற்கான 1978-ஆம் ஆண்டு விதிகளில் 2001-இல் கோழிகளுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். நல்ல உடல்நிலையில் உள்ள பறவையைத்தான் ஏற்ற வேண்டும் என்கிறது அது. கால் உடைந்த கோழியை வண்டி ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டு ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது, வேலியோரம் போடுவதைவிட எந்த விதத்திலும் மேலில்லை.

இரண்டு கோழி சாவதும் இருபது கோழி சாவதும் ஒன்றல்ல

ஒரே நாளில் காரணம் தெரியாமல் கோழிகள் வரிசையாகச் சாகின்றன, தலையும் தாடையும் வீங்கியிருக்கின்றன, கொண்டை நீலம் பாய்ந்திருக்கிறது, கால் தோலில் ரத்தத் திட்டுகள் தெரிகின்றன, முட்டை சட்டென்று நின்றுவிட்டது. இப்படி ஏதாவது கண்டால் நீங்களாகக் கழிக்கத் தொடங்காதீர்கள். அறுத்தும் பார்க்காதீர்கள். ஷெட்டை மூடி, ஆள் நடமாட்டத்தை நிறுத்தி, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியையும் கூப்பிடலாம்.

இது சட்டப்படியும் உங்கள் கடமை. 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தில் பறவைக் காய்ச்சலும் வெள்ளைக்கழிச்சலும் பட்டியலில் உள்ளன. பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே உரிமையாளர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். நம் மாவட்டம் ஆந்திர எல்லையில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் பரவியது. சித்தூர்ச் சாலையில் கோழி வண்டிகள் ஓயாமல் வந்துபோகிற நமக்கு அது தூரத்துச் செய்தி ஆகிவிடாது.

நோய் உறுதியானால் அரசின் குழுவே வந்து கழிக்கும். நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை பறவைகள் கழிக்கப்படும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். இழப்பீடு, உயிரோடு இருந்து கழிக்கப்பட்ட பறவைக்குத்தான். தானாகச் செத்ததற்குக் கிடையாது. பயந்து மறைப்பவர் கோழியையும் இழந்து இழப்பீட்டையும் இழக்கிறார். குழு வரும்போது நீங்கள் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. சாக்கில் போடும் முன் ஒவ்வொரு பறவையும் செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு ஆளைத் தனியாக நிறுத்தச் சொல்லுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது அதுதான்.

இனி நான் சொல்வதெல்லாம் அன்றாடம் ஒன்றிரண்டாகக் கழிப்பதைப் பற்றி.

பிடிப்பது

கோழிக்கு முதல் பயம் துரத்துவதில் வருகிறது. விடியற்காலையோ பொழுது சாய்ந்த பிறகோ, வெளிச்சம் மங்கலாக இருக்கும்போது பிடியுங்கள். அப்போது கோழி அடங்கியிருக்கும். இரண்டு கையாலும் இறக்கைகள் மேல் அணைத்து, உடலோடு சேர்த்துத் தூக்குங்கள். ஒற்றைக் காலைப் பிடித்து இழுத்தால் கனத்த கறிக்கோழிக்குத் தொடை மூட்டு விலகும். முட்டையிட்டு ஓய்ந்த கோழிக்கு எலும்பே பலவீனமாக இருக்கும். முட்டை ஓட்டுக்குக் கொடுத்துக் கொடுத்து எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருப்பதால், முரட்டுப் பிடியில் முறிந்துவிடும்.

தலைகீழாகத் தூக்கினால் கோழி அமைதியாகிவிடுகிறது என்பார்கள். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. தலைகீழாகத் தொங்கும்போது வயிற்று உறுப்புகள் நுரையீரலையும் காற்றுப் பைகளையும் அழுத்தும். மூச்சு முட்டுவதையும் பயத்தில் உறைவதையும் நாம் அமைதி என்று எண்ணிக்கொள்கிறோம். கழிக்கும் அந்தச் சில நொடி தவிர, தலைகீழாக வைக்காதீர்கள்.

மற்றக் கோழிகளின் கண்ணில் படாத இடமாக, ஷெட்டுக்கு வெளியே ஒரு நிழலுக்குக் கொண்டுபோங்கள். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்து மூட்டை விலக்குவது

சிறு பண்ணையில் கருவி எதுவும் இல்லாமல், சரியாகச் செய்தால் ஏற்கத்தக்க முறை இது ஒன்றுதான். தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் மூட்டை விலக்கி, தண்டுவடத்தையும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் ஒரே இழுப்பில் அறுத்துவிடுகிறோம். கழுத்தை நீட்டுவதுதான் வேலை. நசுக்குவதோ முறுக்குவதோ இதில் இல்லை. கழுத்தைப் பிடித்துக் காற்றில் சுழற்றுவது, கொறடு வைத்து எலும்பை நெரிப்பது இரண்டும் தவறு. எலும்பு நொறுங்கும், ஆனால் நினைவு தப்ப நேரமாகும்.

முதலில் செத்த கோழியில் பழகுங்கள். தானாகச் செத்து, தொற்று இல்லை என்று மருத்துவர் சொன்ன கோழி கிடைத்தால் அதில் கை பழகும்வரை செய்து பாருங்கள். பிறகு கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது உயிருள்ளதில் செய்யுங்கள். படித்துவிட்டு நேராக உயிருள்ள கோழியில் இறங்க வேண்டாம்.

வலக்கைக்காரருக்கு முறை இப்படி.

1. இடது கையால் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடியுங்கள். இறக்கை நுனிகளும் அதே பிடிக்குள் வந்தால் நல்லது. கோழியின் மார்பு உங்கள் தொடையில் சாய்ந்திருக்கட்டும்.

2. வலது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில், மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் இடம் வரவேண்டும். உள்ளங்கை தலையின் பின்பக்கம். கட்டைவிரல் அலகுக்கு அடியில். பிடி கழுத்தின் பாதியில் இருந்தால் மூட்டு தவறான இடத்தில் விலகும், நினைவு தப்ப நேரம் பிடிக்கும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே.

3. வலது கையைச் சட்டென்று, உறுதியாகக் கீழே இழுங்கள். அதே இழுப்பிலேயே விரல் முட்டிகளைக் கழுத்தெலும்பில் அழுத்தி, தலையைப் பின்பக்கமாக மடக்குங்கள். இரண்டும் ஒரே அசைவு. பாதியில் நிறுத்தித் திரும்ப இழுப்பது கோழிக்கு வலியைத்தான் கூட்டும்.

4. மூட்டு விலகியதும் கைக்குத் தெரியும். இழுப்பை நிறுத்துங்கள். அதற்கு மேல் பலம் போட்டால் தலை பிய்ந்துவிடும். அதனால் கோழிக்குக் கூடுதல் வலி இல்லையென்றாலும், ரத்தம் சிந்தி நோய் பரவ வழியாகும்.

5. மண்டைக்கு அடியில் தோலைத் தடவிப் பாருங்கள். எலும்பு இல்லாத இடைவெளி, ஒன்று அல்லது இரண்டு விரல் அகலத்துக்கு, தெளிவாகத் தட்டுப்பட வேண்டும்.

இதன் பிறகு கோழி பலமாக இறக்கை அடிக்கும், காலை உதறும். முதன்முறை பார்ப்பவர் உயிர் இருக்கிறது என்று பதறிப்போவார். மூளையின் கட்டுப்பாடு அறுந்ததும் தண்டுவடம் தானாகக் கொடுக்கும் துடிப்பு அது. ஒரு நிமிடத்துக்குப் பக்கமாக நீடிக்கலாம். இறக்கையைப் பிடித்துக்கொண்டு பொறுத்திருங்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் நினைவு அந்த நொடியிலேயே போய்விடும் என்று உறுதி கிடையாது. சரியாகச் செய்தாலும் சில நொடிகள் ஆகலாம். மோசமாகச் செய்தால் இன்னும் நீளும். அதனால்தான் உலக விலங்கு ஆரோக்கிய அமைப்பின் (WOAH) வழிகாட்டுதலும் ஐரோப்பிய விதிகளும் இதற்கு வரம்பு வைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விதிப்படி, கையால் கழுத்தை விலக்குவது 3 கிலோ எடை வரையுள்ள பறவைக்கு மட்டும்தான். ஒரு ஆள் ஒரு நாளில் 70 பறவைக்கு மேல் செய்யக் கூடாது. கை சோர்ந்தால் இழுப்பு தளரும், தளர்ந்தால் கோழி வதைபடும். நம் பண்ணைக்கும் இந்த அளவை எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

செத்துவிட்டதா என்று பார்ப்பது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். துடிப்பு அடங்கியதும் கோழியைக் கீழே வைத்து நான்கு இடம் பாருங்கள். கண்விழியை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள், இமையோ உள்சவ்வோ அசையக் கூடாது. ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையும் வயிறும் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கக் கூடாது. அலகைத் திறந்தால் தாடை இறுக்கமின்றித் தொங்க வேண்டும். கருவிழி விரிந்து ஒளியற்றுப் போயிருக்க வேண்டும். பிறகு மார்பில் விரலை வைத்து இதயத் துடிப்பு நின்றுவிட்டதா என்று பாருங்கள். துடிப்பு நிற்க இரண்டு, மூன்று நிமிடம் ஆகலாம். அதுவரை கண் எடுக்காதீர்கள்.

கண் சிமிட்டினாலோ சீராக மூச்சு விட்டாலோ, தயங்காமல் உடனே இன்னொரு முறை. இரண்டாவது இழுப்பில் இடைவெளி கிடைக்காது என்று தோன்றினால், பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் கனமான கட்டையால் மண்டையின் பின்பக்கம் ஒரே பலமான அடி. கேட்கக் கடினமாக இருக்கும். அரை உயிரோடு சாக்குக்குள் போவதோடு ஒப்பிட்டால் இது கருணை. கட்டை இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

குஞ்சு, காடை, வாத்து, பெரிய சேவல்

குஞ்சுக்கும் காடைக்கும் அதே தத்துவம்தான், விரல் அளவில். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தலைக்கு அடியில் பிடித்து, மறு கையால் உடலைப் பிடித்து, ஒரே வேகத்தில் விலக்க வேண்டும். சிறிய பறவையில் இது எளிதாகவும் வேகமாகவும் முடியும். எளிது என்பதாலேயே பலர் அலட்சியமாகி, குஞ்சுகளைத் தண்ணீர் வாளியில் போடுகிறார்கள், பிளாஸ்டிக் பையில் கட்டுகிறார்கள். குஞ்சு மூச்சுத் திணறலைப் பெரிய கோழியைவிட அதிக நேரம் தாங்கும். அதாவது அதிக நேரம் துன்பப்படும்.

ஆரணி, ஆற்காடு பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாத்துக்குக் கழுத்து நீளம், தசை வலு அதிகம். கோழியில் பழகிய கை வாத்தில் தோற்றுவிடும். 3 கிலோ தாண்டிய பெருவிடைச் சேவலுக்கும் வான்கோழிக்கும் அதே நிலைமை. இவற்றுக்கு முதலில் மண்டையில் ஒரே அடியில் நினைவு தப்பவைத்து, உடனே கழுத்தின் இரண்டு பக்க ரத்தக் குழாய்களையும் வெட்ட வேண்டும். இதைத் தனியாகச் செய்யாதீர்கள். மருத்துவரை அழையுங்கள், அல்லது நன்றாகப் பழகியவர் ஒருவர் செய்ய, நீங்கள் பிடியுங்கள்.

கலர் அடித்த கோழிக்குஞ்சு விற்கும் வண்டி ஊருக்குள் வரும்போது பிள்ளைகளுக்காக வாங்கிவிடாதீர்கள் என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். பொரிப்பகத்துக்கு வேண்டாதவை. புரூடர் சூடு இல்லாமல் அட்டைப்பெட்டியில் ஒவ்வொன்றாகக் குளிர்ந்து சாகும். ஜெர்மனி இந்தச் சேவல் குஞ்சுகளைக் கொல்வதையே 2022 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆண், பெண் பிரிக்கும் முறைக்கு அங்கே மாறிவருகிறார்கள்.

கறிக்காக அறுக்கும்போது

நோயில்லாத, காயத்தால் மட்டும் கழிக்கும் கோழியை வீட்டுக்கு அறுப்பது வழக்கம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உணவுக்காகக் கொல்வதை அனுமதிக்கிறது, தேவையற்ற வலி கொடுக்காதவரை. அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது கத்திதான். மயிரைச் சிரைக்கும் கூர்மை வேண்டும். தொண்டைக்குக் கீழே ஒரே வீச்சில் இரண்டு பக்கக் குழாய்களும் அறுபட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அறுத்தால் மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், மயங்க நேரமாகும். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஹலால் கடைகளில் நல்ல கைக்காரர்கள் கத்தியைக் கோழியின் கண்முன் தீட்ட மாட்டார்கள், ஒன்றின் முன் இன்னொன்றை அறுக்கவும் மாட்டார்கள். எல்லாரும் பின்பற்றத் தகுந்த ஒழுங்கு அது.

அறுத்த கோழியைத் தகரக் கூம்பில் தலைகீழாக இறக்கினால் இறக்கை அடித்து எலும்பு முறியாது. டிரம்முக்குள் வீசுவதை நிறுத்த அந்தக் கூம்பு ஒன்றே போதும். வெந்நீரில் முக்கும் முன் குறைந்தது 90 நொடி ரத்தம் வடிய விடுங்கள், செத்துவிட்டதா என்று மேலே சொன்னபடி பாருங்கள். கூட்டமான ஞாயிற்றுக்கிழமையில் இந்த ஒன்றரை நிமிடம்தான் முதலில் காணாமல் போகிறது.

செய்யவே கூடாதவை

உயிரோடு புதைப்பது, எரிப்பது, சாக்கில் கட்டி மூச்சை அடைப்பது, தண்ணீரில் அமுக்குவது, சுவரில் அடிப்பது, வண்டிப் புகையில் விடுவது, ஃபிரீசரில் வைப்பது, நாய்க்கு உயிரோடு போடுவது, தீவனத்தை நிறுத்திச் சாகவிடுவது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கி டிரம்மில் விடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அளவு, வேகம், அளக்கும் கருவி எல்லாம் சரியாக இருந்தால்தான் அது முறை. இல்லையென்றால் கோழி நெடுநேரம் திணறும், ஆளுக்கும் ஆபத்து. வீட்டில் முயல வேண்டாம்.

சட்டத்தில் முதல் முறை வதைக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்தான், 1960-இல் எழுதியபடி. அதை வைத்து இந்தக் காரியத்தின் கனத்தை அளக்காதீர்கள்.

உடலை என்ன செய்வது

பாலாற்றுக்குள் வீசுவதும் ஏரிக்கரையில் கொட்டுவதும் நம் பக்கத்துப் பெரிய தீங்கு. ஆற்று மணலுக்கடியில் ஊறும் தண்ணீரைத்தான் கரையோர ஊர்கள் குடிக்கின்றன. நாய் இழுத்துப்போகும் ஒரு கோழி, நோயைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுசேர்க்கும்.

பண்ணைக்குள்ளேயே ஆறடி ஆழக் குழி வெட்டுங்கள். கிணறு, போர்வெல், ஓடைக்கு நன்றாகத் தள்ளி இருக்கட்டும். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம். அடியில் சுண்ணாம்பு, மேலே கோழி, மறுபடி சுண்ணாம்பு, குறைந்தது மூன்றடி மண். சுட்ட சுண்ணாம்பைக் கையாளும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் பாறை தட்டும் நிலமென்றால் மட்க வைக்கலாம். கூரை போட்ட ஒரு தொட்டியில் ஒரு அடிக்குப் பழைய கூளம், அதன்மேல் ஒன்றையொன்று தொடாமல் கோழிகள், மறுபடி கூளம், லேசான ஈரம். உள்ளே சூடு 55 டிகிரி தாண்டினால் சரியாக மட்குகிறது என்று அர்த்தம். பெரிய தொற்று என்று சந்தேகம் இருந்தால் மட்க வைக்காதீர்கள், மருத்துவர் சொல்கிறபடி செய்யுங்கள். மருத்துவர் ஊசி போட்டுக் கொன்ற கோழியை யாரும் சாப்பிடக் கூடாது, நாய்க்கும் போடக் கூடாது.

யார் செய்வது, எங்கே கற்பது

பல ஷெட்டுகளில் முதலாளி ஊரில் இருப்பார், பண்ணையிலேயே தங்கும் ஒரு கணவன் மனைவிதான் எல்லாம் பார்ப்பார்கள். கழிக்கும் வேலை சொல்லாமலே அவர்கள் தலையில் விழும். யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். சில சமயம் அவர்களுக்குத் தமிழே தெரியாது. முதலாளி தானே கற்றுக்கொண்டு, பிறகு கையைப் பிடித்துக் காட்டித்தர வேண்டும். முடியாது என்று சொல்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, சிறுபிள்ளைகளிடம் ஒருபோதும் விடக் கூடாது. தொடர்ந்து ஒரே ஆள் செய்தால் மனம் மரத்துப்போகும், இல்லை வெறுத்துப்போகும். இரண்டு பேராவது பழகியிருக்கட்டும்.

கற்றுக்கொள்ள உங்கள் பகுதிக் கால்நடை உதவி மருத்துவரிடம் கேளுங்கள். வேலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும் கோழி வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறது. அங்கே போனால் தடுப்பூசி, தீவனம் பற்றியே பேசிவிட்டு வந்துவிடாமல், "கழிப்பதைச் செய்து காட்டுங்கள், இடைவெளியைத் தொட்டுப் பார்க்க விடுங்கள், கண் பரிசோதனையைக் காட்டுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள்.

தடுப்பூசியையும் விட்டுவிடாதீர்கள். கழுத்து திருகிய கோழிகளில் பெரும்பகுதி வெள்ளைக்கழிச்சலால் வருவது. அதற்கான தடுப்பூசியை நம் ராணிப்பேட்டையிலேயே, 1932-இல் தொடங்கிய அரசின் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாரிக்கிறார்கள். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி, எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் இருவாரக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமில் கொல்லைக் கோழிகளுக்கு இலவசமாகவே போடுவார்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, ஷெட், கோழியின் வயது, கழித்த காரணம், செய்தவர் பெயர், முதல் இழுப்பிலேயே முடிந்ததா இல்லையா. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று அடிக்கடி வந்தால் அந்த ஆள் மறுபடி பழக வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் ஒரே பேட்சில் "கால்" என்று திரும்பத் திரும்ப வந்தால் கூளம் ஈரமாக இருக்கிறதா, தீவனத்தில் கால்சியம், வைட்டமின் டி சரியா என்று பாருங்கள். "கொத்து" என்று வந்தால் நெரிசலையும் வெளிச்சத்தையும் குறையுங்கள். முதல் வாரக் குஞ்சுகளாகவே இருந்தால் பொரிப்பகத்தை மாற்றுங்கள்.